பறக்கும் தட்டு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கையெழுத்து

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சென்ற வாரம் எங்கள் விடுதியின் உணவுக்கூடத்தில் முதுகலை மாணவர்கள் ஏழு பேர் ஒரு பயணத் திட்டத்தை என்னிடம் காட்டினர். தில்லியிலிருந்து லே; லேயில் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, அங்கிருந்து லடாக்கின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஹான்லே; அங்கே நான்கு இரவுகள். ‘நோக்கம்’ என்ற இடத்தில், ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களைக் காணுதல்’ என்று எழுதியிருந்தனர். கல்விப் பயணமாக ஏற்கப்பட்டால் விடுப்பும் செலவில் ஒரு பகுதியும் கிடைக்கும் என்பதால் ஓர் ஆசிரியரிடம் கையெழுத்துக் கேட்டுச் சென்றிருக்கின்றனர். அவர் தாளை வாசித்து வாய்விட்டுச் சிரித்தாராம். பேய் பார்க்கப் போகிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் படி அளக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அந்த ஆசிரியரை நான் மதிக்கிறேன். போலி அறிவியலின் மீது அவருக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆயினும் அந்தக் கையெழுத்து இடப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்பதையும், எந்த நிபந்தனையின் பேரில் என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்கு அருகே கென்னத் ஆர்னால்டு என்ற விமானி ஒன்பது பொருள்கள் விரைந்து செல்வதைக் கண்டதாகக் கூறினார். நீரின் மேல் எறியப்பட்ட தட்டு துள்ளித் துள்ளிச் செல்வது போல் அவை சென்றன என்று இயக்கத்துக்கு ஓர் உவமை சொன்னார். செய்தித்தாள்கள் அந்த உவமையை வடிவமாக மாற்றிப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர் சூட்டின. அதன்பின் உலகெங்கும் மக்கள் தட்டு வடிவிலேயே பார்க்கத் தொடங்கினர். உவமைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள கோட்டை அழித்தால் என்ன நேரும் என்பதை அணியிலக்கணம் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் அமெரிக்க விமானப்படை கையாண்ட ‘அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்’ என்ற தொடர் இதனினும் நேர்மையானது. அந்தத் தொடர் பொருளைப் பற்றி ஏறத்தாழ எதுவும் கூறுவதில்லை. பார்த்தவரின் அறிவு எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைக் கூறுகிறது. ‘எனக்கு இது என்னவென்று தெரியவில்லை’ என்பது அதன் முழுப்பொருள். ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவரும் தொடங்கும் இடமும் அதுவே. அந்த வாக்கியத்தைக் கேட்டுச் சிரிக்கும் பல்கலைக்கழகம் தன் தொழிலை மறந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி லடாக்குக்கு வருவோம். இந்த மாணவர்கள் தேர்ந்த குளிர்பாலைவனத்தில், அவர்கள் தேடும் பொருளைப் பற்றிய மிக நல்ல பாடம் ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. வியப்பு என்னவென்றால் அவர்களுக்கும் அது தெரியவில்லை. சிரித்த ஆசிரியருக்கும் தெரியவில்லை.

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை பாங்காங் ஏரிப் பகுதியில் காவலிருந்த நம் வீரர்கள் வானில் ஒளிரும் பொருள்களைக் கண்டு பதிவு செய்தனர். மொத்தம் 329 பதிவுகள். அவற்றுள் 155 முறை அப்பொருள்கள் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து வந்ததாகக் குறிக்கப்பட்டது. சீனாவின் ஆளில்லா உளவு விமானங்கள் என்ற ஐயம் எழுந்தது. இறுதியில் பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. அப்பொருள்கள் விண்ணைச் சேர்ந்தவையா, மண்ணைச் சேர்ந்தவையா என்பதைத் தீர்மானிப்பதே அதன் அறிஞர்களுக்கு இடப்பட்ட பணி. பின்புல விண்மீன்களோடு ஒப்பிட்டு அவற்றின் இயக்கத்தைக் குறித்தபோது விடை கிடைத்தது. ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 2013 ஜூலையில் இச்செய்தி வெளியானபோது நாடு சிரித்தது.

சிரிப்பதற்கு முன் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். 2012 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனுக்கு முன்னால் கடந்து சென்ற அரிய காட்சியைப் பள்ளி மாணவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்த்தனர். அந்தக் கடப்புக்குப் பிறகு வெள்ளி காலை வானுக்கு மாறியது. ஆகஸ்டு நடுவில், விடியலுக்கு முன் சூரியனிலிருந்து மிக விலகி உயரத்தில் ஒளிர்ந்தது. அதே நாட்களில் வியாழனும் பின்னிரவு வானில் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, மாலையில் எழுந்து விடியும்வரை எரிந்தது. பிப்ரவரி முடிவில் வெள்ளி விடியலொளியில் கரைந்துவிட்டது. பதிவுகள் தொடங்கி முடிந்த மாதங்களை இதனருகில் வைத்துப் பாருங்கள். ஜூன் மாதத்தில் நாம் கொண்டாடிய கோளைத்தான் ஆகஸ்டில் எல்லையில் ஐயத்தோடு நோக்கினோம்.

தமிழில் இந்தக் கோளுக்கு விடிவெள்ளி என்றொரு பெயர் இருக்கிறது. அது முளைத்ததைப் பார்த்து ஏர் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நம்மில் எத்தனை பேர் அதை வானில் சுட்டிக்காட்ட முடியும்? தெருவிளக்கின் கீழ் வளர்ந்த ஓர் இளைஞரை 4,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தி, பகைவரின் விமானம் வருகிறதா பார் என்று ஆணையிட்டுவிட்டு, அவர் வெள்ளியை அடையாளம் காணவில்லை என்று சிரிப்பது எவ்வகை நியாயம்?

அவர் ஏமாந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். தூசியும் ஈரமும் மிகக் குறைவு. சமவெளியில் அடிவானத்தை நெருங்கும் கோள் மங்கிச் சிவந்து மறையும். அங்கேயோ மலைமுகட்டைத் தொடும்வரை சுடர்விட்டுச் சட்டென்று அணையும், யாரோ விளக்கை நிறுத்தியது போல. இரண்டாவது காரணம் கண்ணில் இருக்கிறது. இருளில் தனித்த ஓர் ஒளிப்புள்ளியை உற்று நோக்கினால், அது அசையாதிருந்தும் அசைவது போல் தோன்றும். தொலைவை மதிப்பிட மரமோ கூரையோ இல்லாத பாலைவெளியில் இந்த மயக்கம் வலுக்கிறது. மூன்றாவது, எதிர்பார்ப்பு. பதற்றம் நிலவும் எல்லையில் நின்று தேடுகிறவர் தேடுவதையே காண்கிறார்.

சமூக அறிவியல் மாணவர்களுக்கு இரண்டாவது காரணம் பழக்கமானதாக இருக்க வேண்டும். 1935-இல் முசாஃபர் ஷெரிஃப் தம் புகழ்பெற்ற சோதனைக்கு இதே மயக்கத்தைத்தான் பயன்படுத்தினார். இருட்டறையில் அசையாத ஒளிப்புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டபோது, தனித்தனியே பார்த்தவர்கள் வெவ்வேறு அளவுகளைக் கூறினர். குழுவாகப் பார்த்துச் சத்தமாகச் சொன்னபோது அவர்களின் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கின. நடக்காத அசைவைப் பற்றி ஒரு குழு ஒருமித்த கருத்துக்கு வந்துவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து பார்த்தோம் என்பது வலிமையான சான்று என நாம் நினைக்கிறோம். சில வேளைகளில் அதுவே சான்றின் பலவீனம்.

ஆயினும் இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வீரர்கள் செய்த பிழை இல்லை. அவர்கள் எழுதி வைத்த 329 பதிவுகள். உறைய வைக்கும் குளிரில், மேலதிகாரி நகைப்பாரோ என்ற அச்சத்தை மீறி, கண்டதைக் கண்டபடி குறித்தனர். ‘எல்லை மீறியது’ என்பது அவர்களின் விளக்கம், அது தவறியது. ‘ஒளி தெரிந்தது’ என்பது அவர்களின் தரவு, அது நின்றது.

எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். வியாழன் போன்ற மெல்ல நகரும் கோளும் ஏறக்குறைய இதே ஒழுங்கைப் பின்பற்றும். ஒரு மர்ம ஒளி நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வருகிறதென்றால், அதை ஓட்டுபவர் எந்தப் படையையும் சேர்ந்தவர் அல்லர்; சூரியனைச் சுற்றிவரும் நம் புவியே அதற்குக் காரணம். ஒரு கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் போதும். நினைவை மட்டும் நம்பினால் இந்த நான்கு நிமிடம் ஒருபோதும் பிடிபடாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். ‘அப்படியானால் எல்லாம் வெள்ளிதானா?’ என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்டார்கள். இல்லை. 2022 டிசம்பர் 15 மாலை கிழக்கிந்திய மாநிலங்களில் பலர் கண்டு திகைத்த ஒளி, அன்று சோதிக்கப்பட்ட அக்னி-5 ஏவுகணையினுடையது. அதே ஆண்டு ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானில் தீக்கோடுகளாகச் சென்றவை சீன ராக்கெட் ஒன்றின் மிச்சங்கள். அதன் பெரிய உலோக வளையம் சந்திரபூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் விழுந்து கிடந்தது. 2019-க்குப் பிறகு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் மணிமாலை போல் வரிசையாகச் செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தருகே ஏதோ பறந்ததாகத் தகவல் வந்து, விமானப் போக்குவரத்து பல மணி நேரம் நிறுத்தப்பட்டது. போர் விமானங்கள் தேடிச் சென்றும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசிக் காட்சிக்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லை என்பதோடு அந்த வாக்கியம் முடிகிறது. ‘ஆகவே வேற்றுலகத்தவர்’ என்று அதை நீட்டுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ‘ஆகவே பார்த்தவர் பொய்யர்’ என்று நீட்டுவதற்கும் இல்லை. நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில் அளித்த அறிக்கையும் இதையே கூறியது: வேற்றுலகத் தோற்றத்துக்குச் சான்று ஏதுமில்லை, பெருங்குறை, தரமான தரவு இல்லாததே. சாட்சிகளைக் கேலி செய்வது தரவு வருவதைத் தடுக்கிறது என்பதையும் அக்குழு கருத்தில் கொண்டது.

இரண்டாம் மறுப்பு ஆசிரியருடையது: பல்கலைக்கழகத்தின் பெயரில் இப்படிப் போனால் மூடநம்பிக்கைக்கு மதிப்பு வந்துவிடாதா? அஞ்சத்தக்க கேள்விதான். கையெழுத்து மறுக்கப்பட்டதும் அந்த எழுவர் என்ன செய்தனர் தெரியுமா? யூடியூபுக்குத் திரும்பினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது கொங்கா கணவாய். அந்தக் கணவாயின் அடியில் வேற்றுலகத்தவரின் நிலத்தடித் தளம் இருப்பதாகப் பல ஆண்டுகளாக இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. பொதுமக்கள் போகக்கூடிய இடமன்று அது. ஆனால் அதற்கு ஓர் உண்மையான வரலாறு உண்டு. 1959 அக்டோபர் 21 அன்று அங்கே சீனப் படையினரின் தாக்குதலில் பத்து இந்தியக் காவலர்கள் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நாடு கடைப்பிடிக்கும் காவலர் வீரவணக்க நாள் அவர்களின் நினைவாக எழுந்ததுதான். மாணவர்களின் திட்டத்தில் கொங்கா கணவாய் ‘கூடுதல் இலக்கு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. 1959 பற்றி எழுவரில் ஒருவருக்கும் தெரியாது. பத்துப் பேர் இறந்த இடம் ஒரு தலைமுறையின் மனத்தில் பறக்கும் தட்டுக் கொட்டகையாக மாறியிருக்கிறது. நாம் சிரித்து அனுப்பிய மாணவர்களை யார் வரவேற்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மர்மத்தையே தொழிலாக்கிக்கொண்ட பாலைவன ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரேச்சல் என்ற சிற்றூர் உண்டு. நூறு பேர்கூட வசிக்காத ஊர். அருகிலுள்ள ‘ஏரியா 51’ படைத்தளத்தின் புகழால், அவ்வூர் வழியே செல்லும் சாலைக்கு 1996-இல் ‘வேற்றுலகத்தவர் நெடுஞ்சாலை’ என்றே அரசு பெயரிட்டது. அந்தத் தளத்தில் 1955 முதல் யு-2 உளவு விமானங்கள் கமுக்கமாகச் சோதிக்கப்பட்டன. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த பறக்கும் பொருள் அறிக்கைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இத்தகைய உளவு விமானங்களே காரணம் என்று 1997-இல் வெளியான சிஐஏ வரலாற்றுக் கட்டுரை கூறியது. மக்கள் வேற்றுலகத்தைப் பேசிக்கொண்டிருந்தது அரசின் கமுக்கத்துக்கு வசதியாகவே இருந்தது. ரேச்சலுக்குப் போகிறவர் தொப்பியும் பனியனும் வாங்கித் திரும்புகிறார்.

ஹான்லே வேறு வழியில் செல்லும் ஊர். அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் சந்திரசேகரின் பெயர் தாங்கிய இரண்டு மீட்டர் தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு முதல் வானைப் பார்த்து வருகிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக அது இயக்கப்படுகிறது. 2022 டிசம்பரில் அதைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள குடியிருப்புகளின் இளைஞர்களும் பெண்களும் வான்வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று, தம் வீடுகளில் தங்கும் பயணிகளுக்குத் தொலைநோக்கியில் வானைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். ஜன்னல்களுக்குத் திரையிட்டு, விளக்குகளை மறைத்து, இருளைக் காப்பதையே அவ்வூர் பொருளாதாரமாக்கியிருக்கிறது. அந்த இருளுக்கு இன்று வரும் ஆபத்து வானிலிருந்து அன்று. இரவில் முகப்பு விளக்கை முழுவீச்சில் எரியவிட்டு வரும் நம் வாடகைக் கார்களிலிருந்து.

ஆகவே என் நிபந்தனைகள். ‘நோக்கம்’ என்ற இடத்தில் எழுதியதை அடிக்க வேண்டாம். ‘காணுதல்’ என்பதை ‘பதிவு செய்து அடையாளம் காண முயலுதல்’ என்று மாற்றுக. கொங்கா கணவாயை நீக்குக. அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்க. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கியவர்கள் முழுதாக இரண்டு நாட்களாவது அங்கே ஓய்வெடுத்த பின்பே ஹான்லே செல்க. தலைவலி முற்றினாலோ, வாந்தியோ தடுமாற்றமோ வந்தாலோ வானத்தை மறந்து உடனே கீழே இறங்குக. எல்லைப்பகுதி அனுமதி விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டறிக. வெண்ணிற விளக்கு கூடாது. சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்குப் போதும். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் கைப்பேசியைத் திறந்தால் அருகிலிருப்பவர்களின் உழைப்பும் வீணாகும்.

ஒவ்வொருவரிடமும் தனிக் குறிப்பேடு இருக்கட்டும். நேரம் நிமிடம் வரையில், திசை, அடிவானிலிருந்து உயரம் (நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ பத்து பாகை), அருகிலுள்ள விண்மீன், நிறம், எவ்வளவு நேரம் தெரிந்தது, மறைந்த விதம். விளக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தனியிடம் விடுக. கண்டதும் கருதியதும் ஒரே வரியில் கலக்க வேண்டாம். எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது. ஷெரிஃபின் இருட்டறையை நினைவில் கொள்க. காலையில் எழுவரின் ஏடுகளையும் ஒப்பிட்டு, கோள்நிலைக் கணிப்போடும் செயற்கைக்கோள் அட்டவணையோடும் வைத்துப் பார்க்க. எஞ்சுவதை ‘அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதி, வெட்கப்படாமல் விட்டுவிடுக.

இப்படி எழுதப்பட்ட ஏழு குறிப்பேடுகளை நம் ஆய்வு முறையியல் வகுப்பில் வைத்தால், சாட்சியம், தரவு, அனுமானம், குழுச் சார்பு ஆகிய நான்கையும் ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கலாம். நான் படித்த முறையியல் பாடநூல்களில் ஒன்றும் எனக்கு அத்தகைய நான்கு இரவுகளைத் தரவில்லை.

திருத்திய திட்டத்தை மாணவர்கள் நேற்று மீண்டும் அதே ஆசிரியரிடம் கொடுத்திருக்கின்றனர். இன்னும் விடை வரவில்லை. அவரும் இந்தப் பதிவை வாசிப்பார் என நம்புகிறேன். அவரையும் உடன் வருமாறு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். எழுவருக்கு ஏற்பட்ட அதே கண்மயக்கம் ஐயவாதிக்கும் ஏற்படுகிறதா என்பதை அறிய எட்டாவது குறிப்பேடு ஒன்று தேவைப்படுகிறது. இதற்கிடையே, வரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு விடுதி மொட்டைமாடியில் முதல் பயிற்சி. தில்லி வானில் தெரியும் சில புள்ளிகளில் எது கோள், எது விண்மீன், எது விமானம் என்று பிரித்தறிவதிலிருந்து தொடங்குகிறோம். விருப்பமுள்ளவர்கள் பேனாவும் குறிப்பேடும் கொண்டு வருக.